ஆயிலைக் குறைத்தேன், கரி கூடியது

என் டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக்கின் சைலன்சர் முனையில் எப்போதும் கறுப்பாக எண்ணெய் வடிந்துகொண்டே இருக்கும். ஸ்பார்க் பிளக்கும் அடிக்கடி நனைந்து அடைத்துக்கொள்ளும். இந்த எஞ்சினுக்குப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலக்க வேண்டும். அப்போது 32:1 கலந்துகொண்டிருந்தேன், அதாவது லிட்டர் பெட்ரோலுக்கு சுமார் 31 மில்லி ஆயில். ஆயில்தான் அதிகம் என்று முடிவுகட்டி 50:1-க்கு, லிட்டருக்கு 20 மில்லிக்கு இறங்கினேன். வடிவது நிற்கவில்லை. பிளக் முன்பைவிடச் சீக்கிரம் கறுத்தது!

காரணம் பிறகுதான் உறைத்தது. கார்பரேட்டரின் ஜெட், அதாவது எரிபொருள் போகும் சின்னத் துளை, வழியாகப் போகும் பெட்ரோல்-ஆயில் கலவையின் அளவு ஏறக்குறைய அதேதான். அதில் ஆயில் குறைந்தால் பெட்ரோலின் பங்கு கூடும். காற்றோடு சேரும் கலவை இன்னும் ரிச் ஆகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகும். வித்தியாசம் சிறியதுதான், ஆனால் என் கார்பரேட்டர் ஏற்கெனவே ரிச். வடிந்தது பெரும்பாலும் எரியாத பெட்ரோலும் அதோடு வந்த ஆயிலும்.

ஐட்லிங்குக்கு எரிபொருள் தரும் பைலட் ஜெட்டை ஒரு அளவு சிறியதாக மாற்றி, அதற்கான காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவைத் திருப்பி, ஐட்லிங் சீராகும் இடத்தில் நிறுத்தினேன். பிளக் இப்போது காபிப்பொடி நிறம். விகிதத்தை 40:1-ல் வைத்திருக்கிறேன்: 5 லிட்டருக்கு 125 மில்லி. கண்ணளவு வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து ஊற்றுகிறேன்.

படகு எஞ்சினுக்கான டிசி-டபிள்யூ3 ஆயிலை மட்டும் ஊற்றாதீர்கள். அது நீரால் குளிரும் எஞ்சினின் குறைந்த வெப்பத்துக்கானது. டூ-ஸ்ட்ரோக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக்குறியான ஜாசோ எஃப்டி டப்பாவில் இருந்தால் எனக்குப் போதும். கலந்ததை மாதக்கணக்கில் வைப்பதுமில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்.