பழைய எல்.பி. இசைத்தட்டுகளை வீட்டிலேயே கழுவுவது எப்படி?

பரணிலிருந்து அப்பாவின் இசைத்தட்டுப் பெட்டியை இறக்கியபோது, தட்டுகளில் திட்டுத்திட்டாக வெள்ளைப் பூஞ்சை படிந்திருந்தது. ஊசியை வைத்தால் பாட்டைவிடப் படபடவென்ற வெடிப்புதான் அதிகம் கேட்டது. பொறுமையாகக் கழுவிய பின் பெரும்பாலான தட்டுகள் மறுபடியும் பாடின.

தண்ணீரைத் தொடும் முன், தட்டு எந்த வகை என்று பாருங்கள். லேபிளில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற எண் இருக்கும். அது 33⅓ என்றோ 45 என்றோ போட்டிருந்தால் அநேகமாக வினைல் என்ற பிளாஸ்டிக் தட்டு. 78 என்று போட்டிருந்து, கையில் கனமாகவும் விறைப்பாகவும் இருந்தால் அரக்குத் தட்டு. அதை நீரில் ஊறவைக்கவே கூடாது. ஸ்பிரிட்டையும் அருகில் கொண்டுபோகாதீர்கள், அரக்கு அதில் கரைந்துவிடும். தாத்தா காலத்துத் தட்டு ஒன்றில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரே ஒரு முறை இழுத்தேன். பஞ்சு கறுத்தது, இழுத்த இடம் மங்கிப்போனது. அந்தத் தடம் இன்றும் அப்படியே இருக்கிறது. இனிமேல் சொல்வது எல்லாம் வினைலுக்கு மட்டும்.

தேவையானவை: மைக்ரோஃபைபர் துணி மூன்று, மென்மையான பிரஷ் ஒன்று, பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டு, காய்ச்சி வடித்த நீர். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் என்று கேட்டால் கிடைக்கும். கடைக்காரர் தருவது அமிலம் அல்ல என்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள். போர்த் தண்ணீர் வேண்டாம். குளியலறைக் குழாயில் படிகிற அதே உப்பு, ஊசி ஓடும் மெல்லிய பள்ளங்களான தட்டின் வரிகளுக்குள்ளும் படிந்துவிடும்.

முதலில் உலர்ந்த பிரஷால் தூசியைத் தட்டுங்கள். ஒரு லிட்டர் நீரில் மூன்று நான்கு சொட்டுத் திரவம் விட்டு, துணியை நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். தட்டைச் சுத்தமான துண்டின்மேல் வைத்து, வரி போகும் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். நூற்றுக்கணக்கான வரிகள் போலத் தெரிந்தாலும், விளிம்பில் தொடங்கி நடுவரை சுருண்டு செல்வது பெரும்பாலும் ஒரே வரிதான். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். லேபிள் நனையக் கூடாது. பூஞ்சை விடாப்பிடியாக இருந்தால், ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுடன் நான்கு பங்கு நீர் கலந்து, அந்த இடத்தை மட்டும் துடையுங்கள்.

அடுத்து அலசுவது. பலரும் அவசரப்படுவது இங்கேதான். சோப்பு வரிக்குள் காய்ந்தால் பிசினாகி ஊசியில் ஒட்டும். வெறும் நீரில் நனைத்த இரண்டாவது துணியால் இரண்டு முறையாவது துடைத்தெடுங்கள். மூன்றாவது துணியால் ஒற்றியெடுத்து, பாத்திரம் கவிழ்க்கும் ஸ்டாண்டில் தட்டை நிமிர்த்தி வைத்து, மின்விசிறிக் காற்றில் அரை மணி நேரம் விடுங்கள். வெயிலிலோ ஹேர் டிரையர் சூட்டிலோ காட்டினால் வினைல் நெளிந்துவிடும். நெளிந்ததை நிமிர்த்துவது மிகவும் கடினம். காய்ந்ததும் டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சிப் பாருங்கள், மிச்சம் இருக்கும் கறை தெரிந்துவிடும்.

கழுவிய தட்டைப் பழைய உள்ளுறையில் போடாதீர்கள். பூஞ்சை அந்தக் காகிதத்திலும் இருக்கும். புது உறையில் இட்டு, புத்தகம் போல நிற்க வைத்து அடுக்குங்கள்.

முதல் முறை ஓடவிட்டதும் ஊசி நுனியைப் பாருங்கள். வரியிலிருந்து இளகிய அழுக்கு, சாம்பல் நிறப் பஞ்சுத் துணுக்காக அதில் தொற்றியிருக்கும். உலர்ந்த சின்ன பிரஷால் பின்னாலிருந்து முன்னோக்கி மெல்ல வருடி எடுங்கள். எதிர்த்திசையில் தள்ளினால் ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு வளைந்துவிடும்.