கட்ச்சில் பறவை பார்க்கப் போகிறீர்களா? விடிந்ததும் தண்ணீருக்கு ஓடாதீர்கள்

டிசம்பர், ஜனவரியில் குஜராத்தின் கட்ச்சுக்குப் போகிறவர்கள் பலர் விடிந்தும் விடியாமலும் நேரே ச்சாரி டண்ட் கரைக்குத்தான் வண்டியை விடுகிறார்கள். பன்னி என்கிற புல்வெளியின் ஓரம், ஃபுலாய் கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஆழமில்லாத ஏரி, நல்ல மழை பெய்த வருஷம் ஆயிரக்கணக்கில் பெருங்கொக்குகள் வந்து இறங்கும், ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனால் அவை பகலில் வயல்களுக்கு மேயப் போய்விட்டு ராத்தங்க எப்படியும் தண்ணீருக்குத் திரும்பும். காலையை அதற்குச் செலவழித்தால் ஹைப்போகோலியஸ் கைவிட்டுப் போகும்.

ஈராக், ஈரான் பக்கம் கூடு கட்டிவிட்டுக் குளிருக்கு வருகிற பறவை அது, அதன் குடும்பத்தில் அந்த ஒரே இனம்தான், இந்தியாவில் வருஷா வருஷம் நம்பிப் போகக்கூடிய இடம் ஃபுலாயைச் சுற்றியிருக்கிற புதர்க்காடு. முதல் வெயிலில் புதர் உச்சியில் உட்கார்ந்து குளிர்காயும். ஆணுக்குக் கண்ணிலிருந்து பின்தலை வரை ஓடும் கறுப்புப் பட்டை அப்போது பளிச்சென்று தெரியும். வெயில் ஏறியதும் உகாய் மரத்துக்குள் பழம் தின்னப் புகுந்துவிட்டால் தேடுவது பெரும்பாடு. (சங்கப் பாடல்களின் பாலை நிலத்து உகாய்தான், அங்கே பீலு என்பார்கள்.) ஃபோனில் குரல் போட்டுக் கூப்பிடாதீர்கள், ஒவ்வொரு புதராகக் கிளப்பிக்கொண்டு நடக்கவும் வேண்டாம். பழுத்த மரம் ஒன்றைப் பார்த்துத் தள்ளி நில்லுங்கள், அதுவே வரும்.

அடுத்தது கல்கௌதாரி. காலை வெயில் ஏறியபின் குட்டைக்குத் தண்ணீர் குடிக்க வரும், கரையில் ஆள் நின்றால் குடிக்காமலே திரும்பிவிடும். வறண்ட நிலத்தில் ஒரு மிடறுக்காக எவ்வளவு தூரம் பறந்து வந்ததோ! முன்னாலேயே போய் வண்டிக்குள் அசையாமல் இருங்கள், இறங்கவே வேண்டாம்.

சாயங்காலம் ஏரிக்குப் போகும்போது மேற்குக் கரை, சூரியன் முதுகுப்பக்கம். எதிர்க்கரையில் நின்றால் எல்லாம் கறுப்பு நிழல்தான். விளிம்பில் வெள்ளையாகக் காய்ந்து வெடித்திருக்கிற மண்ணை நம்பி வண்டியை இறக்காதீர்கள், மேலே அப்பளம் மாதிரி ஓடு, கீழே டயரை விழுங்குகிற சேறு. சீமைக் கருவேல முள்ளும் உண்டு, அந்த ஊரில் அதைக் 'காண்டோ பாவள்', பைத்தியக்கார வேலம் என்கிறார்கள், அதனால் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும்போதே பாருங்கள்.

திரும்பும்போது இருட்டிவிட்டது என்று புல்வெளியில் குறுக்கே விடாதீர்கள், சரியா? பூனைப்பருந்துகள் அந்நேரம் அந்தப் புல்லுக்குள் தரையில்தான் படுத்திருக்கும்.