பிடித்த போர்ச் சீருடையைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்ச் சீருடைகளில் தமக்குப் பிடித்தவற்றைப் பட்டியலிடுவோர் பெரும்பாலும் ‘நெப்போலியன் காலத்து உடை’, ‘பிரிட்டிஷாரின் சிவப்பு அங்கி’, ‘ரோமானியக் கவசம்’ என்று பொதுப்படச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். ரசனையில் குற்றம் காண எவருக்கும் உரிமையில்லை. ஆனால் எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு, எந்தச் சந்தர்ப்பம் என்ற மூன்றும் விடுபட்டுப்போனால், நாம் புகழ்வது எந்தச் சிப்பாயும் அணிந்திராத ஓர் உடையாக இருந்துவிடக்கூடும்.

முதல் தவறு, அணிவகுப்பு உடையைக் களத்து உடையாக எண்ணிக்கொள்வது. நெப்போலியன் காலப் போர்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர்கள் இறகும் பித்தளையும் மின்னும் வீரர்களையே தீட்டினார்கள். உண்மையில் படை நடைபயணத்தில் இருக்கும்போது, ஷாக்கோ என்னும் உயரமான தொப்பிக்கு மெழுகுத்துணி உறை போடப்பட்டது. இறகு கழற்றிப் பத்திரப்படுத்தப்பட்டது. அழகிய மேலங்கியை ஒரு கனத்த நீளங்கி மூடிக்கொண்டது. கூர்முனை வைத்த பிரஷ்யத் தலைக்கவசத்தின் கதையும் இதுதான். 1842இல் அறிமுகமான அது இரும்பால் ஆனது என்று நினைப்பவர்கள் பலர். காலாட்படையினருக்கு வழங்கப்பட்டதோ பதப்படுத்திய தோலால் ஆனது. களத்தில் அதன் மீது துணி உறை மாட்டப்பட்டதால், முதல் உலகப்போர்ப் படங்களில் அதன் முகப்பில் இருந்த பித்தளைக் கழுகுச் சின்னத்தை அரிதாகவே காண முடிகிறது. குண்டுச்சிதறல்களைத் தாங்காத அந்தத் தோலுக்குப் பதிலாக 1916இல் எஃகுத் தலைக்கவசம் வந்தது.

ஆண்டைத் தவறவிடுவது இரண்டாவது. தோளில் பட்டை தைத்த சோவியத் அதிகாரியை 1941ஆம் ஆண்டுக் காட்சியில் வைத்தால் அது பிழை. புரட்சிக்குப் பின் ஜார் ஆட்சியின் அடையாளமாகக் கருதி ஒழிக்கப்பட்ட தோள்பட்டைகள், 1943 ஜனவரியில்தான் மீண்டும் கொண்டுவரப்பட்டன; அதற்குமுன் பதவியை அறியக் கழுத்துப்பட்டியில் இருந்த முக்கோணம், சதுரம் போன்ற வடிவங்களையே பார்க்க வேண்டியிருந்தது. அதுபோல் ஜூலியஸ் சீசரின் வீரர்களுக்கு இரும்புத் தகடுகளை அடுக்கிய கவசத்தை மாட்டிவிடுகிறோம். அந்த வகைக் கவசம் பரவலானது கி.பி. முதல் நூற்றாண்டில், சீசரின் படையினர் அணிந்தது வளையங்களைக் கோத்த சங்கிலிக் கவசம்.

அடுத்தது, கேட்பதற்குச் சுவையான தோற்றக் கதைகளை நம்பிவிடுவது. நானும் பல ஆண்டுகள் வத்திக்கானின் சுவிஸ் காவலர் உடையை மைக்கேலாஞ்சலோ வடிவமைத்தார் என்றே சொல்லிவந்தேன். 1506இல் தொடங்கிய அந்தப் படையின் இன்றைய உடை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தளபதியாக இருந்த ஜூல் ரெப்போன் பழைய ஓவியங்களைப் பார்த்து உருவாக்கியது. பிரிட்டிஷார் இரத்தக்கறை தெரியாமலிருக்கச் சிவப்பு உடுத்தினார்கள் என்பது இதைவிடப் பழைய கதை. காய்ந்த இரத்தம் சிவப்புத் துணியிலும் கருத்துத் தெரியும் என்பதையும், அதே வீரர் மார்பின் குறுக்கே வெள்ளை வார்களை அணிந்திருந்தார் என்பதையும் ஒரு கணம் எண்ணிப் பார்த்தாலே இந்தக் கதை நிற்காது. மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரிலிருந்து கிடைத்த சிவப்புச் சாயம் மலிவானது. 1645இல் இங்கிலாந்தின் புதிய படைக்கு ஒரே நிறத்தில் அங்கி தைக்க வேண்டியிருந்தபோது அது கைகொடுத்தது. அதிகாரிகளின் அங்கி மட்டும் கொச்சினீல் பூச்சியின் விலையுயர்ந்த சாயத்தால் இன்னும் ஒளிர்ந்தது. மேலும், பீரங்கிப் படையினர் நீலத்தையும் ரைஃபிள் படையினர் கரும்பச்சையையும் அணிந்தார்கள் என்பதால், ‘பிரிட்டிஷ் படை என்றால் சிவப்பு’ என்பதும் அரை உண்மைதான்.

சாயத்தை மறந்து நிறத்தை மட்டும் பேசுவதால் பிரெஞ்சுச் சீருடையின் வரலாறும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. 1829இல் வந்த சிவப்புக் கால்சட்டையுடனேயே பிரெஞ்சுக் காலாட்படை 1914 ஆகஸ்டில் போருக்குப் போனது. பிற நாடுகள் பலவும் காக்கிக்கும் சாம்பல் பச்சைக்கும் மாறிவிட்டிருந்த காலம் அது. மாற்றம் அவர்களுக்குத் தோன்றாமலில்லை. நீலம், வெள்ளை, சிவப்பு இழைகளைக் கலந்து நெய்த துணிக்கு அந்த ஆண்டு ஜூலையிலேயே ஒப்புதல் கிடைத்திருந்தது. ஆனால் சிவப்பு இழைக்கு வேண்டிய செயற்கைச் சாயம் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தது. போர் மூண்டதும் அது நின்றுபோனது. சிவப்பை நீக்கி எஞ்சிய இழைகளால் நெய்தபோது கிடைத்த வெளிர்நீலமே ‘அடிவான நீலம்’ என்று பெயர்பெற்றது. வானத்தோடு கலந்து மறைய வேண்டும் என்று யாரோ ஓவியர் தேர்ந்தெடுத்த நிறம் அது என்று எண்ணுவதைவிட, சாயப்பட்டறையில் நேர்ந்த பற்றாக்குறை அது என்று அறியும்போதுதான் எனக்கு அந்த உடை கூடுதலாகப் பிடிக்கிறது.

ஒரு நாட்டுப் படை முழுவதையும் ஒரே உடையில் பார்ப்பதும் பிழை. இலண்டனில் கரடித்தோல் தொப்பியுடன் நிற்கும் காவலர்கள் அனைவரும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஆனால் அவர்கள் ஐந்து தனித்தனிப் படைப்பிரிவினர். மார்புப் பொத்தான்களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றாகச் சம இடைவெளியில் இருந்தால் கிரனேடியர், இரண்டிரண்டாக இருந்தால் கோல்ட்ஸ்ட்ரீம், மும்மூன்றாக இருந்தால் ஸ்காட்ஸ், நான்கு நான்காக இருந்தால் ஐரிஷ், ஐந்தைந்தாக இருந்தால் வெல்ஷ். தொப்பியின் இடப்பக்கம் வெள்ளைக் குஞ்சம் வைத்திருப்பவர் கிரனேடியர். வலப்பக்கம் சிவப்பு என்றால் கோல்ட்ஸ்ட்ரீம். ஸ்காட்ஸ் காவலருக்குக் குஞ்சமே கிடையாது.

நாஜி எஸ்.எஸ். அமைப்பின் கறுப்பு உடையை ‘தையல் மட்டும் அழகு’ என்று தனியே பிரித்துப் பாராட்டுவோரும் உண்டு. மிரட்டுவதற்காகவே தைக்கப்பட்ட ஒன்றில் தையலையும் நோக்கத்தையும் பிரிக்க முடியாது என்பதே என் கருத்து. அதைப் பற்றிய செய்திகளிலும் பிழை மலிந்திருக்கிறது; ஆடை நிறுவனம் நடத்திய ஹூகோ பாஸ் வடிவமைத்தது என்பார்கள். உண்மையில் வடிவமைத்தவர்கள் கார்ல் டீபிட்ஷும் வால்டர் ஹெக்கும், ஹூகோ பாஸின் தொழிற்சாலை அதைத் தைத்துக்கொடுத்த பல நிறுவனங்களுள் ஒன்று, பின்னர் கட்டாய உழைப்பாளர்களையும் பயன்படுத்தியது.

கடைசியாக, பழைய கறுப்பு வெள்ளைப் படங்களிலிருந்து நிறத்தை ஊகிப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒளிப்படத் தகடுகள் நீல ஒளியை எளிதாகவும் சிவப்பையும் மஞ்சளையும் மிகக் குறைவாகவும் பதிவுசெய்தன. ஆகவே வெளிர்நீல அங்கி ஏறக்குறைய வெள்ளையாகவும், மஞ்சள் நாடா கருமையாகவும், சிவப்புக் கால்சட்டை கறுப்பாகவும் விழுந்தன. இன்று கணினியில் வண்ணம் ஏற்றுபவர்கள் அந்தக் கருமையை அப்படியே நம்பிக் கரும்பழுப்பைப் பூசிவிடுகிறார்கள். அதைவிட, லூமியர் சகோதரர்கள் 1907இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோக்ரோம் வண்ணத் தகடுகளில் பதிவான பிரெஞ்சு வீரர்களைத் தேடிப் பார்ப்பது பயனுள்ளது. அங்கே அந்த அடிவான நீலத்தை நேராகவே காணலாம்.