அம்பாசிடர் பெட்ரோல் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றும்போது

1489 சிசி பெட்ரோல் எஞ்சின் பொருத்தப்பட்ட பழைய அம்பாசிடரில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயிண்டையும் (மின்சுற்றைத் திறந்து மூடும் சுவிட்ச்) கண்டென்சரையும் நீக்கி எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்த விரும்புவோர், முதலில் பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு, பிளக் ஒயர்களுக்கு எண்ணிட்டுக்கொள்ள வேண்டும். இதன் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை) 1-3-4-2 ஆகும்.

அடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பைத் திறந்து, உள்ளே சுழலும் ரோட்டாரின் முனை முதல் சிலிண்டர் ஒயருக்குரிய இடத்தை நோக்கும் வரை கிராங்க் புல்லியைக் கையால் சுழற்ற வேண்டும். அப்போது நான்காம் சிலிண்டரின் இரு வால்வுகளும் ஒருங்கே அசையும் நிலையில் இருந்தால், முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் முடிவில் இருப்பது உறுதி.

பலரும் தவறுவது இதற்குப் பிறகுதான். டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டை அவசரப்பட்டுத் தளர்த்தினால் டைமிங் (தீப்பொறி விழும் நேரக் கணக்கு) போய்விடும்; ஆகவே அதைத் தொடாமல், கிளாம்ப் தகட்டை எஞ்சினோடு பிணைக்கும் இரண்டு சிறு போல்ட்டுகளை மட்டும் அகற்றி, வாக்குவம் குழாயையும் காயில் ஒயரையும் விடுவித்து, நேராக மேலே இழுத்தால் போதும். ஷாஃப்ட்டின் அடிநாக்கு மையத்திலிருந்து சற்று விலகியே இருப்பதால், திரும்பப் பொருத்துகையில் அது ஒரே நிலையில்தான் அமரும்.

கையில் எடுத்ததும் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். தேய்ந்து ஆடும் ஷாஃப்ட்டில் புதிய எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூலைப் பூட்டுவது, என் கருத்தில், வீண் செலவே. வண்டியில் எர்த் ஆவது (பாடியோடு இணைந்திருப்பது) பேட்டரியின் நெகட்டிவா பாசிட்டிவா என்பதை அறிந்த பின்னரே மாட்யூலை வாங்க வேண்டும்.