மசில் காருக்குப் பழைய ஷிஃப்டர் வாங்குகிறீர்களா? ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

1960-களின் அமெரிக்க மசில் காரை, அதாவது பெரிய இன்ஜின் போட்ட வேகமான காரை, வாங்கிச் சீர் செய்கிறவர்கள் இன்ஜினுக்காக மாதக்கணக்கில் மெனக்கெடுகிறார்கள். கியர் ராடு என்று வரும்போது கைப்பிடியில் பொறித்திருக்கும் பெயரைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். கைப்பிடியை இரண்டு போல்ட்டில் யாரும் மாற்றிவிடலாம். கியரை மாற்றுவது அதற்குக் கீழே, காரின் தரைக்கு அடியில் இருக்கும் இயந்திரம். அதுதான் ஷிஃப்டர். ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

முதல் படி: உங்கள் கியர் பாக்ஸ் எது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு டாலர்கூடச் செலவழிக்காதீர்கள். காரை ஸ்டாண்டில் ஏற்றி, கியர் பாக்ஸின் இடது பக்க மூடியைப் பாருங்கள். அலுமினிய உடலும் மூடியில் 7 போல்ட்டும் இருந்து, ரிவர்ஸ் லிவர் (ரிவர்ஸ் கியரைப் போடும் சிறு கை) மட்டும் பின்னால் வால் பகுதியில் இருந்தால் அது ஜெனரல் மோட்டார்ஸின் மன்சி. மூடியில் 9 போல்ட் என்றால் போர்க்-வார்னர் டி-10. 7 போல்ட்தான், ஆனால் உடல் வார்ப்பிரும்பு, மூன்று லிவர்களும் மூடியிலேயே இருக்கின்றன என்றால் சாகினா. மன்சி என்று சொல்லி இதை விற்பவர்கள் உண்டு, கவனம். ஃபோர்டில் டாப்லோடர், கிரைஸ்லரில் ஏ-833 இருக்க வாய்ப்பு அதிகம். டாப்லோடருக்குப் பக்க மூடியே கிடையாது, மூடி மேலே இருக்கும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? ஷிஃப்டரிலிருந்து லிவருக்குப் போகும் மூன்று கம்பிகளும் அந்தந்த கியர் பாக்ஸுக்கு ஏற்ப வளைக்கப்பட்டவை. ஒன்றுக்கு வளைத்தது இன்னொன்றுக்குச் சேராது. பொருத்தும் பிராக்கெட்டும் அப்படித்தான்.

இரண்டாம் படி: வகைகளைப் பிரித்துப் பாருங்கள்

ஹர்ஸ்ட் நிறுவனத்தின் காம்பெட்டிஷன் பிளஸ் ஷிஃப்டர்தான் எல்லோருக்கும் அளவுகோல். ஜார்ஜ் ஹர்ஸ்ட் பென்சில்வேனியாவில் தொடங்கிய நிறுவனம் அது. அந்தக் காலத்தில் கார்க் கம்பெனிகள் போட்டுக் கொடுத்த ஷிஃப்டர் பல லொடலொடவென்று ஆடும். வேகமாக இழுத்தால் கியர் தவறும். ஹர்ஸ்ட் அதைத் தடித்த இரும்பில், ஆட்டமில்லாமல் செய்தார். பான்டியாக் ஜிடிஓ-வில் தொழிற்சாலையிலேயே ஹர்ஸ்ட் ஷிஃப்டர் வந்தது. 1970-இல் கிரைஸ்லர் கார்களில் வந்த துப்பாக்கிப் பிடி போன்ற கைப்பிடிக்குக் கீழேயும் ஹர்ஸ்ட்தான்.

ஆனால் தொழிற்சாலை ஹர்ஸ்டும் கடையில் தனியாக விற்ற காம்பெட்டிஷன் பிளஸும் ஒன்றல்ல. ஷிஃப்டர் உடலின் முன்னாலும் பின்னாலும் நட்டோடு கூடிய ஒரு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். அவைதான் ஸ்டாப் போல்ட். மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு நீங்கள் வெறியோடு இழுக்கும்போது அந்த அடியை வாங்கிக்கொள்வது இவைதான். இல்லாவிட்டால் அடி முழுவதும் கியர் பாக்ஸுக்குள் கியரைத் தள்ளும் ஃபோர்க் மீது விழும். தொழிற்சாலையில் வந்த ஹர்ஸ்ட் பலவற்றில் இவை இருக்காது. என்னைக் கேட்டால், கைப்பிடியில் பெயர் இல்லாமல் ஸ்டாப் போல்ட் இருப்பதையே எடுப்பேன்.

மிஸ்டர் காஸ்கெட் என்ற நிறுவனத்தின் வெர்ட்டிகல் கேட் ஷிஃப்டர் வேறு ஜாதி. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது பக்கவாட்டில் தள்ள வேண்டியதில்லை. முன்னும் பின்னும் நேர்கோட்டில் இழுத்தால் போதும். நேர்பாதையில் குறைந்த தூரம் ஓடும் டிராக் ரேஸுக்கு அருமை. அன்றாடம் ஓட்டும் காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்பார்க்கோமேட்டிக், ஃபாக்ஸ்கிராஃப்ட் இரண்டும் பெரும்பாலும் ஸ்டீயரிங் தூணில் இருந்த கியரைத் தரைக்குக் கொண்டுவரும் மலிவு கிட்கள். ஞாபகார்த்தமாகப் போடலாம், அவ்வளவே.

மூன்றாம் படி: கையில் எடுத்துச் சோதியுங்கள்

அமெரிக்காவின் கார்லைல், ஹெர்ஷி போன்ற உதிரிபாகச் சந்தைகளில் வாங்கினால் இதற்கு நல்ல வாய்ப்பு. உடலை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, ராடைப் பக்கவாட்டில் அசையுங்கள். லேசான ஸ்பிரிங் எதிர்ப்பு இருந்து, விட்டதும் 3, 4-ஆம் கியர் இருக்கும் பக்கத்துக்குத் தானே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் போயிருக்கும். அப்புறம் கீழே உள்ள மூன்று லிவர்களின் துளைகளைப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் புதுப் புஷ்ஷிங் (துளைக்குள் பொருத்தும் சிறு வளையம்) போட்டாலும் ஆட்டம் போகாது. நைலான் புஷ்ஷிங் உடைந்திருப்பது பெரிய குறையல்ல. புதிது கிடைக்கும், ஸ்டீல் புஷ்ஷிங்கும் உண்டு. வெல்டிங் அடித்த தழும்பு இருந்தால் அப்படியே வைத்துவிட்டு நகருங்கள்.

விலையை ஒப்பிடும்போது கம்பிகள், பிராக்கெட், கிளிப், கியர் பாக்ஸ் பக்க லிவர்கள் எல்லாம் சேர்ந்த செட்டோடு ஒப்பிடுங்கள். தனி ஷிஃப்டர் மலிவாகத் தெரியும். மீதியைத் தேடி வாங்கிச் சேர்த்தால் முழு செட்டைவிடக் கூடவே ஆகிவிடும்.

நான்காம் படி: பொருத்தி, நியூட்ரலைச் சரிசெய்யுங்கள்

கியர் பாக்ஸின் மூன்று லிவர்களையும் நியூட்ரலில் வையுங்கள். ஷிஃப்டரையும் நியூட்ரலில் வைத்து, அதன் உடலில் இருக்கும் துளை வழியாகக் கால் அங்குலத் தடிமனுள்ள ஊசியைச் செருகுங்கள். மூன்று லிவரையும் ஊடுருவி ஊசி தடையில்லாமல் போக வேண்டும். டிரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கம் போதும், தனிக் கருவி வேண்டாம். இப்போது ஒவ்வொரு கம்பியின் முனையையும் திருகி நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ, லிவர் துளையில் தானாக விழும்படி செய்யுங்கள். நெம்பிச் செருகினால் அந்தக் கியர் எப்போதும் தகராறு செய்யும். கிளிப்களைப் போட்ட பிறகு ஊசியை உருவுங்கள்.

ஸ்டாப் போல்ட்களைக் கடைசியாகத் தொடுங்கள். முதலில் இரண்டையும் சில மரை மட்டும் மிஞ்சும்படி வெளியே திருகிவிட்டு, கியரை முழுதாக விழவைத்து, பிறகு உள்ளே திருகிச் சேருங்கள். தொடக்கத்திலேயே இறுக்கி வைத்தால் கியர் பாதி விழுந்த நிலையிலேயே ராடு நின்றுவிடும், ஓடும்போது கியர் வெளியே துள்ளும். எல்லாக் கியரையும், முக்கியமாக ரிவர்ஸையும், கார் ஸ்டாண்டில் இருக்கும்போதே இன்ஜின் ஓடாமல் போட்டுப் பாருங்கள். கம்பி எதுவும் சைலன்சர் குழாயிலோ தரைத் தகட்டிலோ உரசுகிறதா என்று அப்போதே விரலால் தடவிப் பார்த்துவிடலாம்.