‘உலக வசூல் 100 கோடி’: அந்த எண்ணைப் படிப்பது எப்படி?

போஸ்டரில் ‘உலகமெங்கும் 100 கோடி’ என்று போடுவார்கள். அது யார் கைக்குப் போன 100 கோடி என்று போடமாட்டார்கள். அதை நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

படி 1: எந்தப் பணம்?

முக்கால்வாசிக் குழப்பம் இங்கேதான். ஒரு மல்டிபிளக்ஸ் டிக்கெட்டின் அடிப்படை விலை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18% ஜிஎஸ்டியோடு 236 ரூபாய் கொடுக்கிறீர்கள். இந்த 236தான் கிராஸ். வரி போனால் மிஞ்சும் 200 நெட். தமிழ்நாட்டில் உள்ளாட்சி கேளிக்கை வரியும் உண்டு. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை விட்டுவிட்டேன். நெட் தொகையைத் தியேட்டரும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொள்வார்கள். பாதிக்குப் பாதி என்றால் விநியோகஸ்தருக்கு 100 ரூபாய். அதுதான் ஷேர்.

இதே கணக்கில் 100 கோடி கிராஸ் என்பது சுமார் 85 கோடி நெட், 42 கோடி ஷேர். இந்தி வட்டாரத்தில் நெட், தெலுங்கில் ஷேர், தமிழில் கிராஸ் சொல்வதுதான் பெரும்பாலும் வழக்கம். மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டுச் சண்டை பிடிக்கிறவர்களை ஒன்றும் செய்ய முடியாது.

ஆன்லைன் புக்கிங் கட்டணம் இங்கே வசூலில் சேராது. சீனாவில் 2017 முதல் அதையும் சேர்த்தே எண்ணுகிறார்கள்.

படி 2: எந்த ஊர்?

ஹாலிவுட் செய்தியில் ‘உள்நாட்டு வசூல்’ என்றால் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்தது. பிரிட்டன் கணக்கில் அயர்லாந்தும் வரும்.

படி 3: எந்த நாட்கள்?

அமெரிக்காவில் வெள்ளி முதல் ஞாயிறு வரையிலான வசூல் ஞாயிறு காலையிலேயே வெளியாகிவிடும். சாயங்காலக் காட்சி இன்னும் ஓடவே இல்லையே என்கிறீர்களா? சரிதான், அது மதிப்பீடு. உறுதியான எண் திங்கட்கிழமை வரும். வியாழன் இரவுக் காட்சிகளையும் வெள்ளிக்கிழமைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். பிரான்ஸில் படங்கள் புதன்கிழமை வெளியாகும். அங்கே பணத்தைவிட எத்தனை டிக்கெட் விற்றது என்பதுதான் பேச்சு.

மறுவெளியீட்டையும் கவனியுங்கள். 2019இல் ‘அவதார்’ படத்தின் உலக சாதனையை ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ முந்தியது. 2021 மார்ச்சில் சீனாவில் மீண்டும் திரையிட்டு ‘அவதார்’ அதைத் திரும்பப் பிடித்தது.

படி 4: எண்ணியது யார்?

தென் கொரியாவில் அரசு சார்ந்த திரைப்பட கவுன்சிலே கோபிஸ் என்ற தளத்தை நடத்துகிறது. தியேட்டர் டிக்கெட் கணினிகள் அதோடு இணைந்திருப்பதால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அமெரிக்காவில் காம்ஸ்கோர் என்ற தனியார் நிறுவனம் தியேட்டர்களிடமிருந்து திரட்டுகிறது. இந்தியாவில் அப்படிப் பொதுவில் பார்க்கக்கூடிய அதிகாரபூர்வக் கணக்கு கிடையாது. தயாரிப்பாளர் ஒரு எண் சொல்வார், வசூலைக் கணித்து வெளியிடும் டிராக்கர் ஒரு எண் சொல்வார். நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன்; இடைவெளி பெரிதாக இருந்தால் இரண்டையும் நம்பமாட்டேன்.

படி 5: எவ்வளவு வீடு வந்து சேரும்?

வருவாய்ப் பங்கு முறையில் சீனாவில் வெளியாகும் வெளிநாட்டுப் படத்துக்கு வசூலில் 25% கிடைக்கும். அமெரிக்காவில் ஸ்டுடியோவுக்குத் தோராயமாகப் பாதி. உலக மொத்தத்தில் மட்டும் இரண்டு நாட்டு டாலரும் ஒரே மாதிரி கூட்டப்பட்டிருக்கும். அதனால் மொத்தத்தோடு நிற்காதீர்கள். பாக்ஸ் ஆபீஸ் மோஜோ என்ற இணையதளத்தில் படத்தின் பக்கத்தைத் திறந்தால் நாடு வாரியான பட்டியல் இருக்கும்; முதலில் அதைப் பாருங்கள்.