யுரோப்பாவின் நிறமாலையை வாசிக்க உட்காரும்போது

வியாழனின் நிலவான யுரோப்பாவின் நிறமாலை (எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்று காட்டும் வளைவரை) உள்ள கோப்பைத் திறந்ததும் வளைவரையைப் பார்க்காதீர்கள். அது நிலவின் எந்தப் பக்கத்தில் எடுத்தது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தாளில் பெரிதாக எழுதி வைத்துவிடுவேன்: முன்முகமா (சுற்றுப்பாதையில் நிலவு நகரும் திசையைப் பார்த்த பக்கம்), பின்முகமா (அதற்கு எதிர்ப்பக்கம்)?

காரணம் இருக்கிறது. யுரோப்பா வியாழனைச் சுற்றிவர மூன்றரை நாள். வியாழனின் காந்தப்புலமோ பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடும். அதில் சிக்கிய அயனிகள் நிலவைப் பின்னாலிருந்து துரத்தி வந்து மோதுகின்றன. வியாழனின் இன்னொரு நிலவான ஐயோவின் எரிமலைகள் கக்கிய கந்தகம் இப்படித்தான் மேற்கு 270 பாகையை நடுவாகக் கொண்ட பின்முகத்தில் வந்து படிகிறது. அங்கே கந்தகச் சேர்மம் தெரிந்தால், யுரோப்பாவின் பனிக்கு அடியிலுள்ள கடலிலிருந்து வந்தது என்று துள்ள வேண்டாம்.

அடுத்து சூரியனை நீக்குங்கள். நிலவு காட்டுவது சூரிய ஒளியின் எதிரொளிப்பு. ஆகவே சூரியனைப் போன்ற விண்மீன் ஒன்றின் நிறமாலையால் வகுக்க வேண்டும். பூமியிலிருந்து எடுத்த தரவு என்றால் அந்த விண்மீனும் நிலவும் வானில் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்திருக்க வேண்டும். இதில் நான் சூடு பட்டவன். 2.06 மைக்ரான் அலைநீளத்தில் குறுகிய பள்ளம் (ஒளி உறிஞ்சப்பட்டு வளைவரை இறங்கும் இடம்) ஒன்று தெரிந்தது, இரண்டு இரவு தூக்கமில்லை. கடைசியில் பார்த்தால் நம் காற்றின் கார்பன் டை ஆக்சைடு! விண்மீனை அடிவானத்துக்குப் பக்கத்தில் எடுத்துத் தொலைத்திருந்தேன்.

இனி பனிக்கட்டி. 1.5, 2.0 மைக்ரான்களில் அகலமான இரண்டு பள்ளங்கள் இருக்கும். அவை தண்ணீர்ப் பனி. ஆழத்தை வைத்துப் பனியின் அளவைச் சொல்லிவிட முடியாது, துகள் பெரிதானாலும் பள்ளம் ஆழமாகும். அதைவிட 1.65 மைக்ரானில் உள்ள சின்னப் பள்ளத்தைத் தேடுங்கள். அது கூர்மையாக இருந்தால் படிகப் பனி. மங்கிப்போயிருந்தால் கதிர்வீச்சு அடித்து ஒழுங்கு குலைந்த பனியாக இருக்கலாம். பனி சூடேறினாலும் அது மங்கும் என்பதால் வெப்பநிலையையும் கையில் வைத்திருங்கள். யுரோப்பாவுக்குச் சுமார் 100 கெல்வின்.

உண்மையான வேலை பள்ளங்களின் தோள்களில், அதாவது இரு பக்கச் சரிவுகளில்தான். சுத்தமான பனியின் பள்ளம் ஓரளவு நேர்த்தியாக இறங்கி ஏறும். நீரேறிய பொருள்கள் (தண்ணீர் மூலக்கூறுகளைத் தம்முள் பிணைத்துக்கொண்டவை) கலந்தால் 1.5, 2.0 பள்ளங்கள் ஒருபக்கம் சாய்ந்து, குறைந்த அலைநீளத்தை நோக்கி நகரும். கலிலியோ விண்கலம் அனுப்பிய இதே கோணல் பள்ளங்களைப் பார்த்து 1998-இல் ஒரு குழு மெக்னீசியம் சல்பேட் உப்பு என்றது, 1999-இல் இன்னொரு குழு நீரேறிய கந்தக அமிலம் என்றது. இரண்டும் அந்த அளவுக்கு ஒன்றுபோல் இருக்கும். ஒப்பிட எடுக்கும் ஆய்வக நிறமாலை குளிரில் எடுத்ததா என்று கட்டாயம் பாருங்கள். குளிரக் குளிர உப்பின் பள்ளங்கள் குறுகிப் பிரியும். அறை வெப்பத்தில் எடுத்ததை வைத்து ஒப்பிட்டால் பொருந்தாததும் பொருந்தும்.

சாதாரண உப்பு, சோடியம் குளோரைடு, இந்த அகச்சிவப்புப் பகுதியில் பிடிபடாது. நீரேறாத உப்புக்கு இந்த அலைநீளங்களில் சொல்லிக்கொள்ளும்படி பள்ளமே இல்லை. அதற்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குப் போக வேண்டும். வெள்ளை உப்பை ஆய்வகத்தில் எலெக்ட்ரான்களால் அடித்தால் மஞ்சளாகிறது, படிகத்தில் எலெக்ட்ரான் சிக்கிக்கொள்வதால் 450 நானோமீட்டர் அருகே ஒரு பள்ளம் விழுகிறது. ஹப்பிள் தொலைநோக்கி அதே பள்ளத்தை யுரோப்பாவின் டாரா ரீஜியோ என்ற பகுதியில் கண்டதாக 2019-இல் ஆய்வு வெளியானது. அந்த இடம் முன்முகத்தில், ஐயோவின் கந்தகம் அதிகம் எட்டாத பக்கத்தில் இருக்கிறது. 2023-இல் வெளியான ஆய்வுகளின்படி, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 4.26 மைக்ரான் அருகே கார்பன் டை ஆக்சைடை அளந்தபோது, அது மிகுந்திருந்ததும் அதே டாரா ரீஜியோவில்தான். உங்கள் கோப்பு அந்தப் பக்கத்தைச் சேர்ந்ததா? அப்படியானால் இப்போது வளைவரையைத் திறக்கலாம்.